முதல் தரச் செவி

அந்த இடத்தைக் கடை என்று சொல்லக் கூடாது. வாசலில் நின்ற காவலாளிதான் அதை முதலில் சொன்னார். "கடைக்கு வந்திருக்கேன்" என்று காதக்கா சொன்னதும் அவர் பதறிப்போய் உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பேரவைன்னு சொல்லுங்கம்மா. உயர் செவிப் பேரவை. போன வாரம் ஒருத்தர் ஷோரூம்னு சொல்லிட்டார். அவரை வரிசையில கடைசிக்கு அனுப்பிட்டாங்க."

காதக்கா வரிசையைத் தேடினாள். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கமும் யாரும் இல்லை, அந்தப் பக்கமும் யாரும் இல்லை.

"வரிசையே இல்லையே?"

"இருக்கும்மா. காகிதத்துல இருக்கு."

குடிநீர் அலுவலகத்தில் அவளுக்குக் காதக்கா என்று பெயர் வந்து பதினாறு வருடம் ஆகிறது. தெருவுக்கு அடியில் புதைந்து கிடக்கும் குழாய்களில் எங்கே கசிகிறது என்று கேட்டுச் சொல்வது அவள் வேலை. அதற்கு இடுப்பளவு உயரமுள்ள ஓர் எஃகுக் கம்பி உண்டு. கம்பியின் தலையில் கிண்ணம் போலக் குடைந்த மரக்குமிழ். கூர்முனையைக் குழாயின் மேல் ஊன்றி, குமிழில் காதை வைத்தால், மண்ணுக்கடியில் நடப்பதெல்லாம் மேலே ஏறி வரும். நல்ல குழாய் சும்மா கிடக்கும். ஓட்டை விழுந்த குழாய், பல்லைக் கடித்துக்கொண்டு வலியைப் பொறுப்பவரைப் போல மூச்சு விடும். அவள் சுண்ணாம்பில் வட்டம் போட்ட இடத்தில்தான் தோண்டுகிறவர்கள் கடப்பாரையை வைப்பார்கள். ஒருமுறைகூட வெறும் மண்ணைத் தோண்டியதில்லை.

ஊர்த் தண்ணீரையெல்லாம் கேட்கிறவளுடைய வீட்டில், கணவருக்குக் காது போய்க்கொண்டிருந்தது.

அவர் மோட்டார் மெக்கானிக். வீட்டின் முன்னறைதான் பட்டறை. காதுக்குள் இருக்கும் குட்டி எலும்பு கொஞ்சம் கொஞ்சமாக இறுகுகிறது என்றார் காது டாக்டர். "உள்காது நல்லாத்தான் இருக்கு. போற வழிதான் அடைபடுது. ஆனா இவர் இதயத்துக்கு மயக்க மருந்து ஆகாது, அதனால ஆபரேஷன் பேச்சே வேண்டாம்." காதில் மாட்டும் மெஷின் ஒன்றைக் கொடுத்தார். அது தட்டில் கரண்டி படும் சத்தத்தை இடியாக்கியது, மனிதர் பேசுவதை மட்டும் விட்டுவிட்டது. மெஷின் இப்போது மேஜை இழுப்பறையில் பேட்டரி இல்லாமல் நிம்மதியாக இருக்கிறது. டாக்டர் காட்டிய வரைபடத்தில் ஒரு கோடு படியிறங்குவது போல இறங்கிக்கொண்டே வந்து, மழைக்காலம் தொடங்கும் இடத்தில் தாளின் அடியைத் தொட்டிருந்தது.

காதக்காவிடம் வேறொரு வரைபடம் இருந்தது. அது சமையலறைத் தரையில் இருந்தது. அவர் சாப்பாட்டு மேஜையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும்போது அவள் பின்னால் நின்று, சாதாரணக் குரலில், "என்னங்க" என்பாள். திரும்பவில்லை என்றால் தரை ஓடு ஒன்று முன்னால் வருவாள். மறுபடியும் "என்னங்க." எந்த ஓட்டில் நிற்கும்போது அவர் திரும்புகிறாரோ, அதுதான் அன்றைய அளவு. இரண்டு வருடம் முன்னால் பதினான்கு ஓடு, அதாவது அறையின் மறுகோடி. இப்போது எட்டு. திரும்பி, "என்ன?" என்று கேட்பார். அவள் ஏதாவது ஒன்றைச் சொல்லிச் சமாளிப்பாள். கணவனைத் திருட்டுத்தனமாக அளக்கிறோம் என்ற கூச்சம் அவளுக்கு இருந்தது. அதைவிடப் பெரிய கூச்சம் ஒன்றும் இருந்தது. எட்டு ஓட்டுக்கு அப்பால் இருக்கும்போது சொல்ல வேண்டியதை, கத்தவேண்டுமே என்ற அலுப்பில், சொல்லாமலே விட ஆரம்பித்திருந்தாள்.

"மோட்டார் மட்டும்தான் இப்பவும் என்கிட்ட ஒழுங்கா பேசுது" என்று அவர் ஒருநாள் சொன்னார். ஓடுகிற மோட்டாரின் மேல் ஸ்க்ரூடிரைவரின் நுனியை வைத்து, பிடியைத் தாடையில் அழுத்திக்கொண்டு, பேரிங் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். தன்னைத்தான் குத்திக்காட்டுகிறார் என்று நினைத்து அவள் உள்ளே போய்விட்டாள்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "ஒரு படம். என்ன சொன்னான், என்ன சொன்னான்னு உன்னை நச்சரிக்காம, முழுசா புரியணும். அப்புறம் ஒரு பாட்டு. பின்னாடி உட்கார்ந்து வாசிக்கறவன் வரைக்கும் கேட்கணும். நல்ல ஸ்பீக்கர் பெட்டியா ஒண்ணு வாங்கிடுவோம், ரெண்டுக்கும் சேர்த்து. அதுக்கப்புறம் காது போனா போகட்டும்." பஸ் போனால் போகட்டும் என்கிற மாதிரி சொன்னார். அவள் சிரித்துவிட்டு, குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

அதனால்தான் இங்கே வந்திருக்கிறாள்.

பேரவையின் தரைவிரிப்பு வாசலிலிருந்தே இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கம் கறுப்பு, வலது பக்கம் சந்தன நிறம். இரண்டும் சேரும் கோட்டின் மேல், அங்குலம் பிசகாமல், வரவேற்புப் பெண்ணின் மேஜை இருந்தது.

"திரையா, இசையா?"

"ரெண்டும்."

வரவேற்புப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள். "ரெண்டும்னா, வீட்டுல ரெண்டு அறையா?"

"ஒரே அறை. ஒரே செட்டு. படமும் பார்க்கணும், பாட்டும் கேட்கணும்."

"அம்மா," என்றாள் அந்தப் பெண், வியாதியின் பெயரைக் கேட்டவள் போல. "இதைச் சத்தமா சொல்லாதீங்க."

இடது பக்கம் திரைச் செவியரின் ஆட்சி. அவர் அவளை இருட்டறையில் உட்கார வைத்து, ஒரு பாலத்தை வெடிக்கச் செய்தார். காதக்காவின் கைப்பை மடியிலிருந்து தானாக நகர்ந்து கீழே விழுந்தது.

"எப்படி?" என்றார் அவர். "போன மாசம் இதே நாற்காலியில ஒருத்தருக்குப் பல்லு விழுந்துச்சு. சொந்தப் பல்லு. அழுதுட்டே என் கையைப் பிடிச்சு நன்றி சொன்னார்."

"பேச்சு தெளிவா கேட்குமாங்க?"

"எந்தப் பேச்சு?"

"படத்துல ஆளுங்க பேசுவாங்களே."

திரைச் செவியர் அவளைப் பரிவோடு பார்த்தார். "உயர்தரப் படத்துல பேச்சுங்கறது ரெண்டு வெடிக்கு நடுவுல மூச்சு வாங்கிக்கற இடம்மா. அதை யாரும் கேட்கறதில்ல."

வலது பக்கம் இசைச் செவியர். அவர் கையுறை போட்டிருந்தார். அவளுடைய சாவி, சில்லறை, வளையல் எல்லாவற்றையும் ஒரு பஞ்சுப் பெட்டியில் வாங்கி வைத்துக்கொண்டு, செருப்புக்கு மேல் கம்பளி உறை மாட்டச் சொன்னார். பிறகு ஒலித்தட்டை ஓடவிட்டார். ஒரு கதவு மூடும் சத்தம் கேட்டது. ஒரு பெண் பாடுவதற்காக மூச்சை உள்ளே இழுத்தாள். அவர் நிறுத்திவிட்டார்.

"பாட்டு?"

"பாட்டு போடறதில்லைம்மா. பாட ஆரம்பிச்சுட்டா மனசு பாட்டுல போயிடும். கருவியைக் கேட்க முடியாது." அவர் கண்களை மூடிக்கொண்டார். "பத்தொன்பது வருஷமா இந்தப் பதினோரு விநாடியைத்தான் கேட்கறேன். அந்தக் கதவு தேக்குக் கதவுன்னு கண்டுபிடிக்கவே எனக்கு ஏழு வருஷம் ஆச்சு."

"அந்தம்மா என்ன பாடுவாங்கன்னு..."

"தெரியாது," என்றார் பெருமையோடு.

இருவரும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. திரைக்காரர்களிடம் பாட்டுக் கேட்டால் அது காயம்பட்டுத் திரும்பி வரும் என்றார் இசைச் செவியர். இசைக்காரர்களின் ஸ்பீக்கரில் குண்டு வெடித்தால் பயம் வராது, பாவமாக இருக்கும் என்றார் திரைச் செவியர். பக்கத்துப் பக்கத்து அறையில் இருந்துகொண்டு, பேச வேண்டியதை வரவேற்புப் பெண்ணிடம் எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். அவளிடம் அதற்கு இரண்டு நிற மை இருந்தது.

இரண்டும் வேண்டும் என்கிறவர்களுக்கு இருபயன் விண்ணப்பம் என்று ஒன்று இருப்பதாகவும், அது நேராகத் தலைமைச் செவியரிடம் போகும் என்றும், நூற்றில் ஒன்றிரண்டுதான் தேறும் என்றும் தெரிந்தது. விலையைக் கேட்கலாமா என்று பார்த்தாள். சுவரில், 'விலை கேட்பது செவிக் குறைபாட்டின் முதல் அறிகுறி' என்று மாட்டியிருந்தது. கேட்கவில்லை.

விண்ணப்பத்தின் பதினேழாவது கேள்வியில் அவள் கை நின்றது. 'வீட்டில் செவிக் குறைபாடு உள்ளவர் எவரேனும் உண்டா? உண்டு எனில் இத்துடன் நிறுத்திக்கொண்டு படிவத்தைத் திருப்பித் தரவும். பேரவைக் கருவிகள் பழுதுபட்ட செவிகளின் புழக்கத்துக்கு அல்ல.'

அப்புறம் 'இல்லை' என்று எழுதினாள். அலுவலகத்தில் பதினாறு வருடமாக ஒரு பொய்க் குறி போடாத கை அது.

அதன் பிறகு வாரங்கள் போயின. பேரவையிலிருந்து ஒருவர் வந்து அவர்கள் வீட்டின் அமைதியை அளந்தார். குளிர்பதனப் பெட்டியை நிறுத்தச் சொன்னார். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றச் சொன்னார். எதிர்வீட்டுக்காரர் தும்மியதைக் குறித்துக்கொண்டார். படம் பார்க்கும் நேரத்தில் தும்ம மாட்டோம் என்று அக்கம்பக்கத்தில் எழுதி வாங்கிவரச் சொன்னார். அவள் ஐந்து வீட்டில் வாங்கினாள். ஆறாவது வீட்டுக்காரர், "சளி பிடிச்சா?" என்று நியாயமாகக் கேட்டார்.

ஏழாவது ஓடு. ஆறாவது ஓடு.

ஒரு நாள் பெரிய பெட்டி வந்தது. கணவர் குழந்தை மாதிரி ஓடிவந்து பிரித்தார். உள்ளே பட்டுத்துணியில் சுற்றி ஒரு கேபிள் மட்டும் இருந்தது. கூடவே கடிதம்: 'கருவி வருமுன் கேபிள் இல்லத்துடன் பழக வேண்டும். இருபத்தொரு நாட்கள் தரையில் நேராகக் கிடத்தவும். தாண்ட வேண்டாம். அருகில் கோபமாகப் பேச வேண்டாம்.'

"இது என்ன, சம்பந்தி வீட்டு விருந்தாளியா?" என்று அவர் உரக்கக் கேட்டார். இப்போதெல்லாம் அவர் எல்லாவற்றையும் உரக்கத்தான் கேட்டார். "வயர்ல ஓடறது கரண்ட்டு. அது யார் வீட்டுக்கும் பழகாது, தொட்டா அடிக்கும், அவ்வளவுதான்!"

"கத்தாதீங்க, பக்கத்துல கோபமா பேசக்கூடாதாம்."

"என்னது?"

"ஒண்ணுமில்ல!"

இருபத்தொரு நாளும் அவர்கள் பட்டறையிலிருந்து சமையலறைக்குக் கொல்லைப்புறமாகச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஐந்தாவது ஓடு. இரவல் வாங்கிய நாட்களில் இருபத்தொன்றை ஒரு கம்பிக்குக் கொடுத்துவிட்டோமே என்று அவள் கணக்குப் பார்த்தாள். வெளியே வானம் மூட ஆரம்பித்திருந்தது.

இறுதித் தேர்வுக்கு அழைப்பு வந்தது. 'இல்லத்தின் அனைத்துச் செவிகளும் நேரில் வரவும்.'

"நான் உங்க காலை மிதிப்பேன்," என்று அவர் முகத்துக்கு நேராக, உதடு தெரியச் சொன்னாள். "ஒரு மிதின்னா தலையை ஆட்டுங்க. ரெண்டுன்னா இல்லைன்னு ஆட்டுங்க. வாயைத் திறக்கக் கூடாது."

"நான் பேசவே கூடாதா?"

"கூடாது."

"அது கல்யாணம் ஆனதுலேர்ந்து பழக்கம்தானே," என்றார்.

தேர்வு நடக்கும் இடத்துக்கு மௌன அறை என்று பெயர். வாசலில் சாவி, சில்லறை, இடுப்பு வார் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்கள். மெத்தை வைத்த கதவு மூடியதும் காதுக்குள் அழுத்தம் ஏறியது. சுவர் முழுக்கச் சாம்பல் நிறப் பலகைகள். நடுவில் ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள், கறுப்புப் பளிங்குப் பீடத்தின் மேல் நின்றன. திரைச் செவியர் இடப்புறமும், இசைச் செவியர் வலப்புறமும் எதிரெதிர்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தலைமைச் செவியர். மெலிந்தவர், வெள்ளை உடை. அவர் எழுந்து நின்று பேசினார்.

"நாட்டிலேயே மௌனமான அறை இது. இங்கே நீங்கள் கேட்கப்போவது 'பேரரசு'. திரையையும் இசையையும் ஒருசேரத் தாங்கும் ஒரே கருவி. மூன்று வருடம் முன்னால், ஒரு காலை, நாங்கள் மூவரும் இங்கே அமர்ந்திருந்தோம். அப்போது இதன் அடியில் ஒரு ஸ்தாயி பிறந்தது. மிகத் தாழ்வானது. ஈரமானது. முடிவே இல்லாதது. இந்த ஸ்பீக்கரைச் செய்த பொறியாளருக்கே அது புரியவில்லை. நேரில் வந்து பார்த்தார், அழுதுவிட்டார். அதற்கு நாங்கள் 'ஈரம்' என்று பெயர் வைத்தோம். வாங்கிப்போனவர்களில் நாற்பத்துமூன்று பேர் தங்கள் வீட்டில் ஈரம் வரவில்லை என்று எழுதினார்கள். வராது. அவர்கள் வீடு இன்னும் தகுதி பெறவில்லை. அவர்களுக்கு இரண்டாவது கேபிள் கொடுத்தோம். அதற்கும் வரவில்லை என்றால் மூன்றாவது."

கருவியை ஓடவிட்டார். முதலில் ஒன்றும் இல்லை. வெறும் நிசப்தம். மூன்று செவியர்களும் ஒரே சமயத்தில் கண்களை மூடிக்கொண்டார்கள். "இதோ," என்று முனகினார் தலைமைச் செவியர். "ஈரம்."

காதக்காவுக்கு அது ஒரு மூச்சில் தெரிந்துவிட்டது. அரை அங்குலக் குழாய். இடது ஸ்பீக்கருக்குப் பின்னால், முழங்கால் உயரத்தில், இணைப்பில் விரிசல். பல்லைக் கடித்துக்கொண்டு விடும் அதே மூச்சு. கண்ணைத் திறந்து பார்த்தாள். அந்த இடத்தில் சாம்பல் பலகையின் அடிவிளிம்பு உப்பி இருந்தது. அதற்கு ஒரு சாண் கீழே, பேரரசின் தடித்த மின்கம்பிகள் எல்லாம் சுவருக்குள் போகும் ப்ளக் பலகை.

வாய் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினாள். தேர்வில் தேறினால் வெள்ளிக்கிழமை கருவி வந்துவிடும் என்று சொல்லியிருந்தார்கள். நாலாவது ஓடோ மூன்றாவது ஓடோ அதற்குள் வந்துவிடாது. ஒரு படம், ஒரு பாட்டு. அப்புறம் அலுவலகத்தில் சொல்லி ஆளை அனுப்பிக்கொள்ளலாம். மூன்று வருடம் கசிந்த குழாய் மூன்று நாள் பொறுக்காதா? பொறுக்காமலும் போகும் என்று அவளுக்குத் தெரியும். அவள் தொழிலே அதுதான்.

தேர்வு தொடங்கியது. முதலில் அவளை எழுப்பினார்கள். "என்ன கேட்டீங்க?"

"நல்லா இருந்துச்சுங்க."

மூவரும் குறித்துக்கொண்டார்கள். மூன்றாம் தரம்.

அடுத்து அவள் கணவர். முதல் கேபிளில் பதினோரு விநாடி, இரண்டாவது கேபிளில் பதினோரு விநாடி. கதவு மூடியது, பெண் மூச்சிழுத்தாள். அவர் அசையவில்லை. திரைச் செவியர் பாலத்தை வெடித்தார். காதக்காவே நாற்காலியில் துள்ளினாள். அவர் இமைகூடச் சிமிட்டவில்லை. அதிர்வு பாதத்தில் ஏறியதும், ஏதோ லாரி போகிறது என்பதுபோல ஒருமுறை கீழே பார்த்துக்கொண்டார். பிறகு இருட்டும் மெத்தை நாற்காலியும் சுகமாக இருந்ததால் கண்ணை மூடினார்.

செவியர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பல வருடத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்கிறார்கள் என்பது அவர்கள் முகத்தில் தெரிந்தது.

"வெடிக்கு அசையலை," என்றார் திரைச் செவியர் மெதுவாக.

"மூச்சுக்கும் அசையலை," என்றார் இசைச் செவியர். "நான்கூட முதல் தடவை கொஞ்சம் சாய்ஞ்சேன்."

"இரண்டு கேபிளுக்கும் வித்தியாசம் இருந்ததா ஐயா?" என்று தலைமைச் செவியர் கேட்டார். காதக்கா ஒரு முறை மிதித்தாள். அவர் தலையாட்டினார். "முதலாவதுதானே மேல்?" இரண்டு முறை மிதித்தாள், என்னவாவது ஆகட்டும் என்று. அவர் இல்லை என்று தலையை அசைத்தார், வேகமாக, கால் வலித்ததால் முகத்தைக் கொஞ்சம் சுளித்துக்கொண்டு.

"அந்தச் சுளிப்பைப் பார்த்தீங்களா!" என்றார் இசைச் செவியர். அவர் குரல் உடைந்தது.

தலைமைச் செவியர் தாமே எழுந்துபோய் முத்திரையை எடுத்தார். முப்பது வருடத்தில் இரண்டாவது முறை என்றார். முதலாவது யாருக்கு என்று சொல்லவில்லை, தன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். சான்றிதழில் 'முதல் தரச் செவி' என்று முத்திரை விழுந்தது.

அப்போது கணவர் எழுந்தார். உட்கார்ந்தே இருந்ததில் கால் மரத்திருந்தது. நிலைகொள்ளச் சுவரில் கை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

'வேண்டாம்' என்று அவள் மனசுக்குள் சொன்னாள். அவருடைய கால் இரண்டு அடி தள்ளி இருந்தது. மிதிக்க எட்டவில்லை.

அவர் சட்டையின் முழுக்கைக்குள் விரலை விட்டு ஸ்க்ரூடிரைவரை உருவினார். வாசலில் எல்லாவற்றையும் கொடுத்தவர் அதை மட்டும் கொடுக்கவில்லை. நுனியைப் பலகையின் விளிம்பில் வைத்தார், பிடியைத் தாடையில் அழுத்தினார், தலையைச் சாய்த்தார். அவர் முகம் மலர்ந்தது. பிறகு, காது கேளாதவர்கள் பேசும் முழுக்குரலில், நாட்டின் மிக மௌனமான அறையில், சொன்னார்:

"ஏய்! இங்க குழாய் ஓட்டைடி! உன் ஆபீஸ்ல ஒருத்தனும் பார்க்கலையா? ப்ளக் வேற கிட்டயே இருக்கு, யாராவது செத்து வைக்கப் போறாங்க!"

பேரரசின் அடியில் ஈரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"அம்மா," என்றார் தலைமைச் செவியர். "இவர் என்ன சொல்றார்?"

வேடிக்கையாகப் பேசுகிறார் என்று சொல்லிவிடலாம். சான்றிதழ் மை காயாமல் மேஜை மேலேயே கிடந்தது. அவள் அவரைப் பார்த்தாள். ஒன்றைக் கேட்டுவிட்ட மனிதனின் முகம் அது. அதைப் பார்த்து எவ்வளவு நாள் ஆயிற்று என்று நினைத்தபோது, அவளுக்கு வெட்கமாக இருந்தது. அவர் கேட்டதை இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"கசிவுதாங்க," என்றாள். "இடது ஸ்பீக்கருக்குப் பின்னாடி, முழங்கால் உயரத்துல. நீங்க ஈரம்னு சொன்னதுமே எனக்குத் தெரிஞ்சுச்சு. நான் குடிநீர் அலுவலகத்துல அந்த வேலைதான் பார்க்கறேன்."

"அப்ப ஏன் சொல்லலை?"

"இவருக்குக் காது கேட்காதுங்க. சொன்னா செட்டு தர மாட்டீங்கன்னு பயம்."

திரைச் செவியர் முதலில் சுதாரித்தார். "சான்றிதழை ரத்து பண்ணுங்க!"

"பண்ண முடியாது," என்றார் தலைமைச் செவியர். "இவர் செவிடுன்னா, இவருக்கு முதல் தரம் கொடுத்த நாம யார்?"

"அப்ப இவர் முதல் தரச் செவிதான்," என்றார் இசைச் செவியர்.

"முதல் தரச் செவி சொன்னா அது குழாய்தான்," என்றார் திரைச் செவியர்.

"குழாய்னா, ஈரம்...?" என்று இழுத்தார் இசைச் செவியர்.

மூவரும் பலகையைப் பார்த்தார்கள். தலைமைச் செவியர் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்தபோது பழைய ஆளாக ஆகிவிட்டிருந்தார்.

"தண்ணீரும் பேரரசின் ஒரு பாகம்," என்று அறிவித்தார். "நாம அறியாமலே அதைக் கண்டடைஞ்சிருக்கோம். இனி கருவியோட 'நீர்த்துணை'யும் சேர்த்துத்தான் வழங்கப்படும். அம்மா, உங்க வீட்டுச் சுவர்ல ஒரு கசிவு ஏற்படுத்த நீங்க ஒப்புதல் எழுதிக் கொடுத்தா, விண்ணப்பத்தை மேலே பரிசீலிக்கலாம். திரை, இசை, நீர். முப்பயன்."

திரைச் செவியர் குறித்துக்கொண்டார். இசைச் செவியர் கையுறையைக் கழற்றித் திரைச் செவியரின் கையைக் குலுக்கினார்.

"என்ன சொல்றாங்க?" என்று கணவர் அவள் காதருகே உரக்கக் கேட்டார்.

"வாங்க, வீட்டுக்குப் போகலாம்," என்று கையால் காட்டினாள்.

மறுநாள் காலையிலேயே அலுவலகத்திலிருந்து ஆட்கள் போய் மின்சாரத்தை நிறுத்தி, பலகையைப் பெயர்த்து, இணைப்பை மாற்றிவிட்டு வந்தார்கள். இரண்டு நாளில் பேரவையிலிருந்து கடிதம் வந்தது. கசிவை உடனே பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும், அதை அதே அளவில் தொடர்ந்து பராமரிக்க வேண்டும், அதற்கான கட்டணம் எதுவானாலும் செலுத்தத் தயார். மேலதிகாரி கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, "அக்கா, இது உங்க செக்‌ஷன்தான்," என்று அவளிடம் தள்ளிவிட்டார். அவள் கீழே எழுதினாள்: 'நேரில் கேட்கப்பட்டது. கசிவு இல்லை. ஒலி இல்லை.' பேரரசு இப்போது 'நிறைமௌன நிலை' அடைந்துவிட்டதாகவும், அதைக் கேட்க அனுமதி இன்னும் கடினமாகிவிட்டதாகவும் பிறகு காவலாளி சொல்லித் தெரிந்தது.

சான்றிதழ் மட்டும் சட்டம் போட்டுத் தபாலில் வந்தது. அவர் அதைப் பட்டறையில், பழுது பார்க்க வந்த மின்விசிறிகளுக்கு நடுவில் மாட்டினார். கேபிளைத் திருப்பி அனுப்பும்படி எழுதியிருந்தார்கள். வீட்டோடு பழகிவிட்டது, வர மறுக்கிறது என்று அவர் பதில் போட்டார். அதில் இப்போது ஒரு மின்விசிறி சுற்றுகிறது.

மூன்றாவது ஓடு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெளியே மழை பிடித்துக்கொண்டது. அவர் பழைய டிவியில் படம் ஓடவிட்டு, பக்கத்தில் இருந்த சின்ன மரப்பெட்டி ஸ்பீக்கரை முழு சத்தத்தில் வைத்து, நாலு முறை "என்ன சொன்னான்?" என்று கேட்டார். ஐந்தாவது முறை கேட்கவில்லை. அது அவளுக்குத் தாங்கவில்லை. அவர் எழுந்து பட்டறைக்குப் போனார். ஓடுகிற மோட்டாரில் ஸ்க்ரூடிரைவரை வைத்துத் தாடையில் அழுத்தி, "சரி, சரி, தெரியுது," என்று அதனிடம் சொன்னார்.

கதவோரம் நின்ற காதக்கா அசையாமல் அதைப் பார்த்தாள். டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. உள்காது நல்லாத்தான் இருக்கு. வழிதான் அடைபடுது.

பதினாறு வருடமாகக் கசிவு கேட்கும் அந்தக் கம்பியை வேலை முடிந்ததும் வாசல் கதவுக்கு வெளியே, மூலையில்தான் சாத்தி வைக்கிறாள். ஒரு நாளும் அதை வீட்டுக்குள் கொண்டுவந்ததில்லை.

அவரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து உட்கார வைத்தாள். கம்பியின் நுனியை ஸ்பீக்கர் பெட்டியின் மேல் ஊன்றினாள். மரக்குமிழை அவர் காதுக்குப் பின்னால், துருத்திக்கொண்டிருக்கும் எலும்பில் வைத்து அழுத்தினாள். "இது என்ன கூத்து" என்று சொல்ல வாயைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். திரையில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் உதடுகள் அவர்களோடு சேர்ந்து அசைந்தன.

"அண்ணன்காரன் பொய் சொல்றான்," என்றார். "குரலே நடுங்குது பாரு."

படம் முடிகிற வரை அவள் பிடித்துக்கொண்டே நின்றாள். கை மரத்தது. பிறகு பாட்டுப் போட்டாள். அவர் கண்ணை மூடவில்லை, அகலத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். பாதியில் விரலை உயர்த்தினார். "பின்னாடி ஒருத்தன் சின்னதா ஏதோ தட்டறான். தகரம் மாதிரி. இத்தனை வருஷமா இவன் இருந்தானா?"

பாட்டு முழுவதும் முடிந்தது. அவள் கம்பியைப் பெட்டியிலிருந்து எடுத்தாள். குமிழ் அவர் எலும்பில் அப்படியே இருக்க, மறுமுனையின் பக்கத்தைத் தன் மோவாயில் அழுத்திக்கொண்டாள். சொல்லாமல் விட்டவை எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நின்றன. பழக்க தோஷத்தில், இரண்டு வருடமாகக் கூப்பிடும் குரலில், அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டாள்.

"என்னங்க!"

அவர் துள்ளி விழுந்து தலையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏண்டி இப்படிக் கத்தற?" என்றார். "இங்கதானே இருக்கேன், மெதுவா சொல்லு."